படிதவறலும் அச்சுவிலகலும்

கருவியொன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செலுத்துதல் எளிது; அது ஆங்குச் சென்றடைந்ததோ என அறிதல் அரிது. எண்முறைக் கட்டுப்பாட்டாலே தொழிற்படும் பொறிகளின் வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலே தங்கியுள்ளது எனலாம். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே உலங்குவானூர்திச் சுழலலகுகளைச் செய்துவந்த ஜோன் பார்சன்ஸ் என்பாரது எண்ணத்திற் கருக்கொண்ட இம்முறை, 1949 ஆம் ஆண்டு தொடக்கம் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே வளர்ந்து, 1952 இல் இயங்கும் பொறியாக உலகத்தார் முன் காட்டப்பட்டது. அப்பொறியிலே, செலுத்துங் கட்டளையோடு அமையாது, நகர்ந்த தூரத்தை அளந்து கட்டுப்பாட்டுக்கு மீள அறிவிக்கும் ஏற்பாடும் இடம்பெற்றிருந்தது. கட்டளைக்கும் நிகழ்ச்சிக்கும் வேறுபாடு தோன்றுமிடத்து அதனைப் பொறி தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும்.

இன்று வீட்டிலும் சிறு பட்டறையிலும் மேசைமீது வைத்து இயக்கப்படும் சிறு சீ. என். சீ. பொறிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இவ்வறிவு இல்லை. நோர்வே நாட்டுச் சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் என்பார் 2009 இல் வெளியிட்ட ஜி.ஆர்.பி.எல். என்னும் கட்டுப்பாட்டு நிரல், மலிவான ஆடுயீனோப் பலகையொன்றினாலே மூன்று அச்சுகளைச் செலுத்தும் வழியை எல்லார்க்கும் திறந்துவிட்டது. 2011 இல் எட்வேட் ஃபோர்ட் என்பாரது சேப்போக்கோப் பொறி வந்தது. பின்னர், 300 மில்லிமீற்றர் நீளமும் 180 மில்லிமீற்றர் அகலமும் வெட்டும் பரப்பாகக் கொண்டமையால் 3018 எனப் பெயர்பெற்ற சீனத்துச் சிறுபொறிகள் உலகெங்கும் பரவின. இவற்றிலே கட்டளை ஒருவழியே செல்லும். விடை மீண்டு வாராது. ஆகவே திரையிலே தோன்றும் எண் பொறி நிற்கும் இடமன்று. பொறி நிற்கவேண்டும் என்று கட்டளையிடப்பட்ட இடமே அது. இவ்வுண்மையை மறந்தவர், திரை பூச்சியங் காட்ட வெட்டலகு இரண்டு மில்லிமீற்றர் விலகி நிற்கக் கண்டு திகைப்பர். பல மணிநேர வேலையும் நல்ல மரமும் இவ்வாறு பாழாதல் உண்டு. அதன்மேல், காரணம் அறியாது ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகளை மாற்றிப் பணத்தையும் பாழாக்குவோர் உளர். பிழை தன் காரணத்தைத் தன் வடிவத்திலேயே எழுதி வைத்திருக்கின்றது என்பதும், அதனை அளந்து படித்தறிந்த பின்னரே கருவியைத் தொடுதல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

படிமோட்டரின் இயல்பு

இப்பொறிகளைச் செலுத்துவது ஸ்ரெப்பர் மோட்டர் என வழங்கும் படிமோட்டராகும். மின்னூட்டியவுடன் இடையறாது சுழலும் மோட்டர் போலன்றி, இது துடிப்பொன்றுக்கு ஒரு படியாக எண்ணியெண்ணிச் சுழல்வது. சிறு பொறிகளிற் பெரும்பான்மையாக உள்ள மோட்டரில் ஒரு முழுப்படி 1.8 பாகை; எனவே ஒரு சுற்றுக்கு 200 முழுப்படிகள். செலுத்தி எனப்படும் மின்சுற்றுப் பலகை, சுருள்களிரண்டிலும் ஓடும் மின்னோட்டங்களைச் சிறிது சிறிதாக மாற்றி ஒவ்வொரு முழுப்படியையும் 16 நுண்படிகளாகப் பகுக்குமாயின், ஒரு சுற்றுக்கு 3200 நுண்படிகள் ஆகும். மோட்டரோடு இணைந்த திருகுத்தண்டு ஒரு சுற்றில் 4 மில்லிமீற்றர் முன்செலுத்துமாயின், ஒரு மில்லிமீற்றருக்கு 800 நுண்படிகள் வேண்டும். 2 மில்லிமீற்றர் இடைவெளியிற் பற்கள் அமைந்த பட்டியும் 20 பற்கொண்ட கப்பியும் உள்ள பொறியில் ஒரு சுற்று 40 மில்லிமீற்றர் நகர்த்தும். ஆங்கு ஒரு மில்லிமீற்றருக்கு 80 நுண்படிகளே வேண்டும்.

மோட்டரின் சுழலியிலே 50 பற்கள் உள. நிலையியிலுள்ள சுருள்கள் எழுப்பும் காந்தப்புலம் முன்னே செல்ல, சுழலி அதனைப் பின்தொடரும். சுமை யாதும் இல்லாவிடிற் பின்தங்கல் மிகச் சிறிது. சுமை ஏறுந்தோறும் சுழலி பின்தங்கும். பின்தங்குந்தோறும் அதனை முன்னிழுக்கும் முறுக்கமும் பெருகும். பின்தங்கல் ஒரு முழுப்படியளவை எட்டும்போது முறுக்கம் தன் உச்சத்தை அடைகின்றது. அதன் மேலும் பின்தங்கின் இழுக்கும் வலி குறையத் தொடங்கும். இரண்டு முழுப்படிகளைக் கடந்துவிடின், சுழலியின் பல் தனக்குரிய காந்தமுனையை விட்டுப் பின்னுள்ள முனையினாற் பற்றப்படும். இதுவே படிதவறல் என்பது.

இதிலிருந்து மிகப் பயனுள்ள விதியொன்று பெறப்படும். சுழலி ஒரு பல்லளவு நழுவின் இழப்பது நான்கு முழுப்படிகள். இரண்டு பல்லளவு நழுவின் எட்டு. நான்கின் மடங்காக அன்றி ஒன்று, இரண்டு, மூன்று எனச் சுமையினாற் படி இழத்தல் இல்லை. மேற்சொன்ன 4 மில்லிமீற்றர்த் திருகுத்தண்டிலே நான்கு முழுப்படி 0.08 மில்லிமீற்றர் ஆகும். 20 பற்கப்பியிலே 0.8 மில்லிமீற்றர் ஆகும். எனவே திருகுத்தண்டுப் பொறியொன்றின் விலகல் 0.24 மில்லிமீற்றர் என அளக்கப்படின், அது 0.08 இன் மும்மடங்காதலின் படிதவறல் என ஐயுறுதல் தகும். 0.19 மில்லிமீற்றராயின் வேறு காரணத்தைத் தேடுதல் வேண்டும். ஒருமுறை அளந்து முடிபுகட்டாது பலமுறை அளந்து மடங்கினைச் சரிபார்த்தல் நன்று. விலகல் பெரிதாயின் எவ்வெண்ணும் ஏதோவொரு மடங்குக்கு அண்மையதாகவே தோன்றும். ஆதலாற் சிறு விலகல்களே இச்சோதனைக்கு ஏற்றவை.

பிழையின் வடிவங்கள்

பிழைகள் பலவாயினும் அவை தம்மைக் காட்டும் வடிவங்கள் சிலவே. அவற்றை வேறுபிரித்தறிதல் ஆராய்ச்சியின் முதற்படியாகும்.

முதலாவது, பெயர்ச்சி. செதுக்கிய உருவத்தின் முற்பகுதி திருத்தமாக இருக்க, ஓரிடத்துக்குப் பின்னுள்ள பகுதி முழுவதும் தன் வடிவங் கெடாது ஒருபுறம் பெயர்ந்திருக்கும். பல வண்ணப் படமொன்றில் ஒரு வண்ணம் மட்டும் இடம்மாறிப் பதிந்தாற்போல. இது படிதவறலுக்கோ உறுப்பொன்று வழுக்கியமைக்கோ வெட்டப்படும் மரம் நகர்ந்தமைக்கோ உரிய அடையாளம்.

இரண்டாவது, விகிதப்பிழை. வேலை முடிவில் வெட்டலகு சரியாகப் பூச்சியத்துக்குத் திரும்பும். ஆயினும் அளவுகள் யாவும் ஒரே விகிதத்திற் குறைந்தோ கூடியோ இருக்கும். 50 மில்லிமீற்றர் கட்டளைக்கு 49.8 உம், 150 மில்லிமீற்றர் கட்டளைக்கு 149.4 உம் நகருமாயின், குறைவு இரண்டிலும் நூற்றுக்கு 0.4 வீதமே. ஒரு மில்லிமீற்றருக்குரிய படியெண் பிழையாக அமைக்கப்பட்டுள்ளது என்பது இதன் பொருள்.

மூன்றாவது, பின்னிடைத் தளர்வு. தொழிலாளர் இதனைப் பக்லாஷ் என்பர். திருகுக்கும் சுரைக்கும் இடையே சிறு வெளியிருப்பின், திசைமாறும்போது திருகு சிறிது வீணே சுழன்ற பின்னரே சுரை நகரும். 50 மில்லிமீற்றர் கட்டளைக்கு 49.8 உம், 150 மில்லிமீற்றர் கட்டளைக்கு 149.8 உம் நகருமாயின், குறைவு தூரத்தோடு வளராது 0.2 ஆகவே நிற்கின்றது. அதுவே தளர்வின் அளவு. இத்தகைய பொறி வெட்டும் வட்டத்திலே, அச்சுகள் திசைமாறும் நான்கு இடங்களிலும் சிறு தட்டைகள் தோன்றும்.

நான்காவது, ஊர்வு. சிறிது சிறிதாக, ஒரே பக்கமாக, வேலை நீளுந்தோறும் விலகல் வளரும். எந்தவோரிடத்திலும் திடீர்ப் பெயர்ச்சி காணப்படாது. முடிவில் மாத்திரம் பூச்சியம் மாறியிருக்கும். இதற்குரிய காரணங்கள் பின்னர்க் கூறப்படும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் மயங்கக் கொள்ளுதல் பலரிடத்துக் காணப்படும் தவறாகும். 50 மில்லிமீற்றரை மட்டும் அளந்து, 49.8 கண்டு, படியெண்ணை 800 இலிருந்து 803.2 ஆக உயர்த்தியவர், அத்தூரத்துக்கு மட்டும் திருத்தம் பெறுவர். உண்மைக் காரணம் தளர்வாயின், 150 மில்லிமீற்றரில் இத்திருத்தமே 0.4 மில்லிமீற்றர் மிகையாகப் புதுப்பிழையைத் தோற்றுவிக்கும். ஆதலின் இரு வேறு நீளங்களை அளவாது படியெண்ணைத் தொடுதல் தகாது. திருகுத்தண்டின் புரியிடை பெரும்பாலும் திருத்தமாகவே செய்யப்படுவதாகலின், பெரிய திருத்தம் வேண்டியதாகத் தோன்றின் அளவுமுறையையே முதலில் ஐயுறல் வேண்டும்.

சோதிக்கும் முறை

வைத்தியன் ஒரே வேளையிற் பல மருந்து கொடுப்பின் எது நோயைத் தீர்த்ததென அறியான். பொறியைச் சோதிப்பவனும் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் வேண்டும். சுமையை ஒவ்வொன்றாக ஏற்றிச்சென்று, பிழை எப்படியில் முதன்முதல் தோன்றுகின்றது எனக் காண்பதே நேரிய வழி.

முதற் சோதனை வெற்றோட்டம். சுழல்தண்டின் மோட்டரை நிறுத்தி, வெட்டலகுக்குப் பதிலாகக் கூரிய முனையொன்றைப் பொருத்திக் கட்டிலின்மேல் ஒட்டிய தாளிலே தொடக்கப்புள்ளியைக் குறித்தல் வேண்டும். ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு காட்டும் டயல் மானி கிடைக்குமாயின் மிக நன்று. பின் ஓர் அச்சை மட்டும் 100 மில்லிமீற்றர் தூரம் ஐம்பது முறை முன்னும் பின்னும் ஓடவிட்டுத் தொடக்கத்துக்கு மீட்டு விலகலை அளக்க வேண்டும். ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியே இதனைச் செய்தல் வேண்டும். விலகல் காணப்படின் வெட்டுஞ்சுமை அதற்குக் காரணமன்று என்பது தெளிவு. ஆர்முடுகல், வேகம், மின்னோட்டம், பொறியின் இறுக்கம் என்பனவே ஆராயத்தக்கன.

இரண்டாஞ் சோதனையிலே சுழல்தண்டை ஓடவிட்டு, மரத்தைத் தொடாது அதே ஓட்டத்தை நிகழ்த்தல் வேண்டும். முதற் சோதனையிற் காணாத விலகல் ஈண்டுத் தோன்றின், தூரிகை கொண்ட சுழல்தண்டு மோட்டர் எழுப்பும் மின்னிரைச்சல் துடிப்புக் கம்பிகளிலே புகுகின்றது என ஐயுறலாம். இவ்வாறு புகும் பொய்த்துடிப்புகள் படியை இழக்கச் செய்வதன்றி மிகைப்படவுஞ் செய்யும். அவ்விழப்பு நான்கின் மடங்கென்னும் விதிக்கும் அடங்காது. சுழல்தண்டின் கம்பிகளைத் துடிப்புக் கம்பிகளிலிருந்து பிரித்துக் கொண்டுசெல்லல், கவசமிட்ட வடம் இடுதல், அக்கவசத்தை ஒருமுனையில் மட்டும் புவித்தொடுப்புச் செய்தல் என்பன பரிகாரங்கள்.

மூன்றாஞ் சோதனையே மரத்தை வெட்டுதல். முன்னிரண்டிலும் பிழையின்றி ஓடிய பொறி ஈண்டு விலகுமாயின், குற்றம் மின்சுற்றினதன்று. வெட்டின் ஆழமோ வேகமோ அலகின் கூர்மையோ மரத்தைப் பற்றிய பிடியோ குற்றமுடையது. இம்மூன்று சோதனைகளுக்குச் செல்லும் நேரம் சிறிது; அவை விலக்கும் வீண் ஐயங்கள் பல.

சோதனைக் காலத்திற் கடைப்பிடிக்கவேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. மின்னூட்டம் உள்ளபோது படிமோட்டரின் கம்பியைச் செலுத்தியிலிருந்து கழற்றலாகாது. சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென அறுபடுங்கால் எழும் உயர்ந்த வோல்ற்றளவு செலுத்தியை அழித்துவிடும். பழைய குற்றத்தைத் தேடப்போய்ப் புதிய குற்றம் வந்து சேரும்.

படிதவறலின் காரணங்கள்

வெற்றோட்டத்திலேயே படி தவறுமாயின் முதலில் நோக்கத்தக்கது ஆர்முடுகல். நிற்கும் பொருளை ஓடவைக்கவும் ஓடும் பொருளை நிறுத்தவும் மோட்டர் தன் முறுக்கத்திற் பெரும்பங்கைச் சடத்துவத்துக்குக் கொடுக்கின்றது. ஜி.ஆர்.பி.எல். நிரலிலே $120, $121, $122 என்னும் அமைப்புகள் மூன்று அச்சுகளின் ஆர்முடுகலையும் குறிப்பன. நிமிடத்துக்கு 1200 மில்லிமீற்றர், அதாவது செக்கனுக்கு 20 மில்லிமீற்றர் வேகத்தில் ஓடும் அச்சு, செக்கனின் வர்க்கத்துக்கு 200 மில்லிமீற்றர் என்னும் ஆர்முடுகலோடு 0.1 செக்கனில் அவ்வேகத்தை எட்டும். ஆர்முடுகலை அரைவாசியாக்கின் 0.2 செக்கன் வேண்டும். ஆயின் ஒவ்வொரு புறப்பாட்டிலும் இதனால் இழக்கப்படும் நேரம் 0.05 செக்கனே. இத்துணைச் சிறு விலைக்குப் பெரும்பாதுகாப்புக் கிடைக்குமாதலின், அரைவாசியாக்கிச் சோதித்தலே முதலிற் செய்யத்தக்கது. பிழை அதனால் நீங்கின் காரணமும் விளங்கிற்று.

இரண்டாவது, வேகமும் வோல்ற்றளவும். மோட்டர்ச் சுருளுக்குத் தூண்டற்றிறன் உண்டு. மின்னோட்டம் அதிலே கணத்தில் ஏறுவதில்லை. 3 மில்லிஹென்றித் தூண்டற்றிறனுள்ள சுருளில் 1.5 அம்பியர் ஏறுதற்கு, தடையை நீக்கி எண்ணினும், 12 வோல்ற்றில் ஏறக்குறைய 0.375 மில்லிசெக்கன் வேண்டும். 24 வோல்ற்றில் அதன் அரைவாசி போதும். 4 மில்லிமீற்றர்த் திருகுத்தண்டு நிமிடத்துக்கு 1200 மில்லிமீற்றர் செலுத்தும்போது மோட்டர் நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுழல்கின்றது. முழுப்படி ஒன்றுக்குக் கிடைக்கும் காலம் ஒரு மில்லிசெக்கன். அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மின்னோட்டம் ஏறுதற்கே செலவாகின், முறுக்கம் குறைதல் இயல்பே. அன்றியும் சுழலும் மோட்டர் தானே எதிர்மின்னியக்கவிசையைத் தோற்றுவித்து மின்னோட்டத்தை மேலும் தடுக்கும். எனவே மெல்ல ஓடுகையிற் பிழையின்றியும் விரைந்தோடுகையிற் பிழைபட்டும் நிற்கும் பொறிக்கு, $110 முதலான உச்சவேக அமைப்புகளைக் குறைத்தலோ, செலுத்தி தாங்கும் எல்லைக்குள் வோல்ற்றளவை உயர்த்துதலோ மருந்தாகும்.

வேகத்துக்குக் கட்டுப்பாட்டுப் பலகையும் ஓர் எல்லை வகுக்கின்றது. ஆடுயீனோ ஊனோப் பலகையிலே ஜி.ஆர்.பி.எல். செக்கனுக்கு ஏறக்குறைய 30,000 துடிப்புகள் வரையே தரவல்லது. ஒரு மில்லிமீற்றருக்கு 800 படியுள்ள பொறியை நிமிடத்துக்கு 2500 மில்லிமீற்றர் ஓடப் பணித்தல் செக்கனுக்கு 33,333 துடிப்புகளைக் கேட்பதாகும். நுண்படிகளைப் பெருக்கினால் நுண்மை பெருகும் எனக் கருதி 16 ஐ 32 ஆக்குவோர், இவ்வெல்லையைப் பாதி வேகத்திலேயே எட்டிவிடுவர். அவர் பெறும் நுண்மையோ ஐயத்துக்குரியது. 16 நுண்படிப் பகுப்பில் ஒரு நுண்படியளவு பின்தங்கிய சுழலியை இழுக்கும் முறுக்கம், முழு முறுக்கத்தில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கே. உராய்வு அதனினும் மிக்கதாயின் அந்நுண்படி நகர்வாக மாறாது.

மூன்றாவது, மின்னோட்டமும் வெப்பமும். செலுத்தியிலுள்ள சிறு திருகைத் திருப்பி ஒப்பளவு வோல்ற்றளவை அமைப்பதன் மூலம் சுருளின் உச்ச மின்னோட்டம் வரையறுக்கப்படும். உணர்தடை 0.1 ஓம் உள்ள ஏ4988 செலுத்தியில் 1 அம்பியருக்கு 0.8 வோல்ற்று வேண்டும். அதே தடையுள்ள டி.ஆர்.வி.8825 செலுத்தியில் 0.5 வோல்ற்றுப் போதும். செலுத்தியை மாற்றியவர் பழைய 0.8 ஐயே அமைப்பாராயின் 1.6 அம்பியர் பாயும். மின்னோட்டம் குறையின் முறுக்கம் போதாது. மிகின் செலுத்தி கொதித்துத் தன்னைக் காத்தற்பொருட்டு இடையிடையே நின்று மீண்டும் இயங்கும். அந்நிறுத்தக் காலத்தில் வரும் துடிப்புகள் யாவும் வீணே. வேலையின் தொடக்கத்திற் பிழையின்றி, சிறிது நேரஞ் சென்றபின் படி தவறுதல் இதன் குறி. பொறி படி தவறியதும் மின்னோட்டத்தை உயர்த்துதல் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. வெப்பமே காரணமாயின் அம்மருந்து நோயை வளர்ப்பதாக முடியும். வெப்பந் தணிக்கும் உலோகச் சிறகுகளும் சிறு விசிறியும் ஈண்டு வேண்டப்படுவன.

நான்காவது, பரிவு. ஊஞ்சலை அதன் இயல்பான அலைவுக்கு இசையத் தள்ளுங்கால் வீச்சுப் பெருகுமாறு போல, துடிப்புகளின் மீடிறன் சுழலியின் இயல்பு மீடிறனோடு இசையுமிடத்துச் சுழலி நடுங்கிப் படி தவறும். குறித்த ஒரு வேகத்திற் பொறி உறுமுதலும், அதற்கு மேலும் கீழும் அமைதியாக ஓடுதலும் இதன் அடையாளம். அவ்வேகத்தைத் தவிர்த்தலும் நுண்படிப் பகுப்பைக் கையாளலும் பரிகாரங்கள்.

ஐந்தாவது, பொறியின் இறுக்கம். திருகுத்தண்டும் வழிகாட்டுந் தண்டுகளும் ஒன்றற்கொன்று சமாந்தரமாக இல்லாவிடிற் சுரை ஒருமுனையை அணுகுந்தோறும் இறுகும். மின்னூட்டத்தை நிறுத்தித் திருகைக் கையாற் சுழற்றி, முனைமுதல் முனைவரை தடை சமமாக உள்ளதோ எனக் காணல் வேண்டும். கட்டிலின் ஒரே இடத்தில் மட்டும் படி தவறுமாயின் இக்காரணமே முதற்கண் நினைக்கத்தக்கது. மரத்தூள் படிந்த திருகும் உலர்ந்த போதிகையும் இதே தீங்கைச் செய்யும்.

படி தவறாத விலகல்கள்

மோட்டர் தன் கடமையைப் பிழையின்றிச் செய்யவும் அச்சு விலகுதல் உண்டு. மோட்டரின் தண்டைத் திருகுத்தண்டோடு பிணைக்கும் இணைப்பானும் பற்கப்பியும், தலையில்லாச் சிறு ஆணிகளாலேயே இறுக்கப்பட்டுள்ளன. அவ்வாணி தளரின் திசைமாறுந்தோறும் தண்டு உள்ளே வழுக்கும். விலகல் எம்மடங்குக்கும் அடங்காது. தண்டின்மீதும் இணைப்பானின்மீதும் தொடர்ச்சியாக ஒரு மைக்கோடு இட்டுவைப்பின், வேலை முடிவில் அக்கோடு முறிந்துள்ளதோ எனக் கண்டவுடன் ஐயந்தீரும். இதனினும் மலிவான சோதனை வேறில்லை. தண்டில் தட்டையான பக்கமிருப்பின் ஆணி அதன்மேலேயே அமர்தல் வேண்டும்.

மேல்கீழாக இயங்கும் அச்சிலே வெட்டு வரவர ஆழமாகுமாயின், அச்சைக் குறைகூறு முன் வெட்டலகைப் பற்றியுள்ள கொலெற்றை நோக்குதல் வேண்டும். தூளை மேலே இழுக்கும் சுருளலகு, தன்னையும் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும் இயல்பினது. பிடி தளரின் அலகு மெல்லமெல்லக் கீழிறங்கும். அலகின் தண்டிலே இட்ட மைக்குறி இதனையும் காட்டிக்கொடுக்கும். மரத்தைக் கட்டிலோடு பற்றிய பிடி தளரினும் விலகல் தோன்றும். மரத்தின் விளிம்பிலே பென்சிற் கோடிட்டு அதனை அறியலாம்.

ஓய்வுநிலை மற்றொரு காரணம். ஜி.ஆர்.பி.எல். நிரலின் $1 என்னும் அமைப்பு இயல்பாக 25 மில்லிசெக்கனாக உள்ளது. நகர்வு நின்று அக்காலங் கழிந்ததும் மோட்டர்களின் மின்னூட்டம் துண்டிக்கப்படும். அந்நிலையிற் சுழலி நுண்படியை விட்டு அண்மையிலுள்ள இயல்பான தங்குநிலைக்கு நழுவக்கூடும். பாரமான சுழல்தண்டு தாங்கிய அச்சு தன் நிறையாலேயே இறங்கவுங் கூடும். $1 ஐ 255 ஆக்கின் மோட்டர்கள் எப்போதும் பற்றிய நிலையிலே நிற்கும். அலகு மாற்றுதற்கு நிறுத்திய பின்னரே விலகல் தோன்றுமாயின் இதனை நோக்குக.

முன்னர்க் கூறிய ஊர்வுக்குச் சிறப்பாகவுரிய காரணம், திசைக்குறிப்பும் படித்துடிப்பும் செலுத்தியை அடையும் முறைமை பிழைத்தலாகும். செலுத்தி முதலில் திசையை அறிந்து பின்னரே துடிப்பைப் பெறுதல் வேண்டும். ஏ4988 இற்கு இவ்விடைவெளி 0.2 மைக்கிரோசெக்கன் போதும். ஒளியாற் பிரிக்கப்பட்ட உள்ளீடு கொண்ட பெரிய செலுத்திகள் சில 5 மைக்கிரோசெக்கன் வேண்டுவன. அவ்வவகாசம் இல்லாவிடில் திசைமாறிய பின் வரும் முதற்படி பழைய திசையிலேயே எடுக்கப்படலாம். இது இருதிசையிலும் ஒப்ப நிகழின் தன்னைத்தான் ஈடுசெய்யும்; ஒருதிசையில் மட்டும் நிகழின் ஒவ்வொரு போக்குவரவிலும் இரண்டு நுண்படி குறையும். 800 படிப் பொறியில் இரண்டு நுண்படி 0.0025 மில்லிமீற்றரே, கண்ணுக்கும் மானிக்கும் புலப்படாதது. ஆயினும் புடைப்புச் சித்திரமொன்றைச் செதுக்குகையில் ஆயிரம் முறை அச்சு சென்று மீளுமாயின், விலகல் 2.5 மில்லிமீற்றராகும். வேகத்தைக் குறைப்பினும் சுமையைக் குறைப்பினும் இப்பிழை மாறாது. போக்குவரவின் எண்ணிக்கையோடு மட்டுமே வளரும். மோட்டரை மாற்றியும் திருகை மாற்றியும் இதனைத் தீர்க்க இயலாது. துடிப்பின் எம்முனையிற் செலுத்தி தொழிற்படுகின்றது என நோக்கி $2 அமைப்பையும் கம்பியிணைப்பையும் சரிபார்த்தலும், நிரலிலே துடிப்புக்கு முன் சிறு தாமதம் சேர்த்தலும் தீர்வாகும்.

மோட்டரிரண்டு ஓரச்சைச் செலுத்தும் பொறிகளில் ஒன்று மட்டும் படி தவறின் பாலம் கோணும். அளவுகள் சரியாக இருக்கவும் சதுரம் செங்கோணம் இழந்திருக்கும். சதுரத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமோ என அளப்பின் இது வெளிப்படும்.

வெப்பத்தால் உலோகம் நீளுதலும் கருதத்தக்கதே. ஆயின் அதனளவை அறிதல் வேண்டும். 300 மில்லிமீற்றர் நீள உருக்குத்தண்டு 20 பாகை சதமளவு வெப்பமேறின் ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றரே நீளும். எனவே ஒரு மில்லிமீற்றர் விலகலுக்கு வெப்பநிலையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

முடிவுரை

நகர்வை அளந்து மீள அறிவிக்கும் படிமோட்டர்கள் இன்று சிறு பொறிகளுக்கும் வாங்கத்தக்க விலையிற் கிடைக்கின்றன. அவை படிதவறலை உணர்ந்து திருத்தும். திருத்த இயலாவிடின் வேலையை நிறுத்தி அறிவிக்கும். ஆயினும் அவை அளப்பது மோட்டரின் தண்டை மாத்திரமே. இணைப்பான் வழுக்கினும், சுரை தளரினும், அலகு இறங்கினும், மரம் நகரினும் அவை அறியா. கருவிக்குக் கண் கொடுத்தாலும் அக்கண் காணும் எல்லை எதுவென அறிதல் மனிதன் கடனாகவே எஞ்சுகின்றது.

ஆதலின் பொறி விலகியவிடத்துச் செய்யத்தக்கன ஒழுங்காக இவை: விலகலை அளத்தல், அது மடங்கோ, விகிதமோ, மாறாவளவோ, வளர்வதோ எனத் தெளிதல், மைக்கோடுகளை நோக்குதல், வெற்றோட்டம், சுழல்தண்டோட்டம், வெட்டோட்டம் என்னும் மூன்று சோதனைகளால் இடத்தை வரையறுத்தல், ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி மீண்டும் அளத்தல், ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தல். இவ்வொழுங்கில் விலைகொடுத்து வாங்கவேண்டிய உறுப்பு யாதொன்றும் இல்லை. வேண்டுவன அளவுகோலும் மைக்கோலும் பொறுமையுமே. தான் எங்கு நிற்கின்றது என அறியாத பொறியை நம்பி மரத்தை வைக்கும் ஒருவன், அப்பொறிக்காகத் தான் அறிந்திருத்தல் வேண்டும். அளந்தறிந்தவன் கையிற் சிறு பொறியும் நல்வேலை செய்யும்; அளவாதவன் கையிற் பெரும்பொறியும் பிழையையே விரைந்து செய்யும்.